பதினெட்டு நிமிஷம்

இடது காதை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாரோ பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் பானுரேகாவுக்கு அன்று காலை மனசு நிறைவாகத்தான் இருந்தது. ஒரு வேலையும் செய்யாமல் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிற பாக்கியம் வருஷத்தில் எத்தனை முறை கிடைத்துவிடப் போகிறது. பீளமேட்டில் மருந்துக்கடைக்கு மேலே மாடிப்படி ஏறினால் காது மூக்கு தொண்டை க்ளினிக். நீல பிளாஸ்டிக் நாற்காலிகள், ஃபினாயில் வாசனை, கீழே ரோட்டில் போகிற பஸ்களின் ஹாரன், அதுவும் வலது காதில் மட்டும். அடைத்த காதுக்குள் வேறொரு உலகம். தான் எச்சில் விழுங்குகிற சத்தம், தன் மூச்சு, தான் நினைப்பதுகூட அங்கே சத்தமாகக் கேட்கிற மாதிரி ஒரு பிரமை. எண்ணெய் தேய்த்துத் தலை முழுகினாள், காதுக்குள் தண்ணீர் போய்விட்டது, விஷயம் அவ்வளவுதான். "யாரு என்ன சொன்னாலும் கேட்டுக்க மாட்டே, இப்ப காதே கதவைச் சாத்திருச்சு பாரு" என்று கனகராஜ் கிண்டலடித்தான். கட்டிய புருஷனுக்குக் காலையில் வேறு என்ன வேலை. வேறொரு நாளாக இருந்தால் அதுவே சரியாகட்டும் என்று விட்டிருப்பாள். இன்றைக்கு விட முடியாது. மூன்று மணிக்கு ஐந்து பெரிய தலைகள் முன்னால் நின்று பேச வேண்டும். அவர்கள் கேட்கிற கேள்வி இரண்டு காதிலும் ஒழுங்காக விழ வேண்டும். கம்பெனியில் ப்ராடக்ட் ஹெட் பதவி அவளுக்கா, பெங்களூரிலிருந்து வந்திருக்கிற தீபக்குக்கா என்பது நாலு மணிக்குத் தெரிந்துவிடும். பதினைந்து வருஷத்து ஓட்டம் ஒரு மணி நேரத்தில் முடிவாகப் போகிறது. ஆகட்டும். இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. அவள் மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்தபோது மணி ஒன்பது. டோக்கன் எண்ணும் ஒன்பது.

எதிர்ச் சுவரில் ஒரு டிவி. அதில் டோக்கன் எண்கள், பேர்கள், எல்லாம் அவள் கம்பெனியின் க்ளினிக் ஆப் காட்டுவது. அந்த எண் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவள் பானுரேகா. டிசைன் பண்ணுகிற பெண் அழகாக, சின்னதாக, சாம்பல் நிறத்தில் போட்டுக்கொண்டு வந்தபோது, "கண்ணு, இதைப் பாக்கறவங்கள்ல பாதிப் பேரு கண்ணாடிய வீட்டுல வெச்சுட்டு வந்திருப்பாங்க" என்று சொல்லி மூன்று முறை திருப்பி அனுப்பினாள். இப்போது கடைசி வரிசையிலிருந்து அந்த எண்களைப் பார்க்கும்போது, பெற்ற பிள்ளை பள்ளிக்கூட மேடையில் ஆடுகிறதைப் பார்க்கிற மாதிரி ஒரு கர்வம், வெளியே சொல்லிக்கொள்ள முடியாத கர்வம். இந்த ஹாலில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாது, இந்த ஆப்பைப் பெற்றவள் இங்கே காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று. பெற்றவள் என்று சொல்வதும் நியாயமில்லைதான். எழுதினது டெவலப்பர்கள், வரைந்தது டிசைனர், விற்றது சேல்ஸ்காரர்கள். அப்புறம் நீ என்னதான் செய்தாய் என்று கேட்டால் கஷ்டம். நாத்தனார் வீட்டு விசேஷத்தில் யாரோ மாமியாரைக் கேட்டார்கள்: "மருமக என்ன வேலைங்?" "கம்ப்யூட்டர்ல மேனேஜருங்." "அப்படீங்களா, கீழ எத்தன பேரு?" மாமியார் திரும்பி அவளைப் பார்த்தாள். ஒருத்தரும் இல்லை என்று சொன்னதும் அந்த அம்மாள் முகத்தில் வந்த இரக்கத்தை மறக்கவே முடியாது. கீழே ஆளில்லாத மேனேஜரா, அதென்ன பொழப்போ. கனகராஜ்தான் அன்றைக்குக் காப்பாற்றினான். "கல்யாண வீட்டுல இவ பொண்ணும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல, சமையக்காரரும் இல்ல. ஆனா பந்தியில சாம்பார் தீந்துபோச்சுன்னா எல்லாரும் ஒருத்தியத் திரும்பிப் பாப்பாங்களே, அவதான் இவ." சும்மா சொல்லக்கூடாது, அவள் கேட்ட விளக்கங்களிலேயே அதுதான் உருப்படி. யாரையும் அதட்ட முடியாது, எல்லாரையும் வேலை வாங்கியாக வேண்டும். நன்றாக வந்தால் டெவலப்பர்களுக்குக் கைதட்டு, நாறிப்போனால் பானுரேகா எங்கே. இந்தப் பொழப்புதான் அவளுக்குப் பிடித்திருக்கிறது. என்ன செய்ய.

படித்து வந்த பொழப்பும் இல்லை. பி.காம். முடித்துவிட்டு இதே கம்பெனியில் ஹெல்ப்லைனில் போன் எடுக்கிறவளாகச் சேர்ந்தாள். எட்டு மணி நேரமும் ஹெட்செட், அதுவும் இந்த இடது காதில்தான். பாவம், அப்போதிருந்து உழைத்த காது, ஒரு நாள் லீவு கேட்டால் தப்பா. ஒரு நாளைக்கு எழுபது பேர், எழுபது பேரும் கோபமாகத்தான் பேசுவார்கள். சந்தோஷமாக இருக்கிறவன் ஹெல்ப்லைனுக்கு ஏன் போன் போடுகிறான். உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு கம்பவுண்டர் தினமும் கூப்பிடுவார், பிரிண்ட் பட்டன் வேண்டும், பிரிண்ட் பட்டன் வேண்டும் என்று. மற்றவர்கள் குறித்துக்கொண்டோம் ஐயா என்று வைத்துவிடுவார்கள். ஒரு நாள் இவள், "ஏனுங்கய்யா பிரிண்ட்டு?" என்று கேட்டாள். டாக்டர் ஸ்கிரீனைப் பார்க்கிறதில்லையாம், அதனால் தாளில் அடித்து மேஜையில் வைக்க வேண்டுமாம். டாக்டர் ஏன் பார்க்கிறதில்லை? ஸ்கிரீன் அவருக்கு முதுகுப் பக்கம் இருக்கிறது. ஏன் முதுகுப் பக்கம்? வயர் எட்டவில்லை. ஒரு வயர், இரண்டு மீட்டர். கம்பவுண்டர் மறுநாளே கடைக்குப் போய் வாங்கி மாட்டினார், அதோடு போன் நின்றுவிட்டது. கேட்கிறது ஒன்று, வேண்டியது வேறு ஒன்று. நடுவில் இருக்கிறது ஒரு ஏன். இதை அவள் மீட்டிங்கில் ஒரு நாள் வாய் தவறிச் சொல்ல, மேலதிகாரி முரளி சார் நிமிர்ந்து பார்த்தார். அங்கே ஆரம்பித்தது. டெஸ்டிங் கொஞ்ச நாள், ஊர் ஊராகப் போய் க்ளினிக்குகளில் பயிற்சி கொடுக்கிற வேலை கொஞ்ச நாள், அப்புறம் ப்ராடக்ட் மேனேஜர். இதற்கு என்னம்மா திறமை வேண்டும் என்று காலேஜில் பேசக் கூப்பிட்டபோது பிள்ளைகள் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும், சொன்னபிறகும் எதிராளி மறுநாள் உன்னோடு டீ குடிக்க வர வேண்டும் என்றாள். சிரித்தார்கள். சிரிப்புக்குச் சொன்னதில்லை அது. சேல்ஸ்காரன் பத்து கேட்பான், டெவலப்பர் இரண்டுதான் முடியும் என்பான், அந்த இரண்டு எது என்று சொல்கிறவள் அவள். மிச்சம் எட்டுக்கான சாபமும் அவளுக்கு. அப்புறம், 'ஏன்' என்று கேட்கத் தெரிய வேண்டும். எது கெட்டுப்போனாலும் அடி வரைக்கும் ஐந்து முறை ஏன். அவள் டீமில் அவளுக்குப் பட்டப்பேரே 'அஞ்சு ஏன் அக்கா'.

மூன்று மணிக்குக் காட்டப் போகிற முதல் ஸ்லைடில் ஒரே ஒரு எண். பதினெட்டு நிமிஷம். இந்த ஆப் வைத்திருக்கிற முந்நூற்று நாற்பது க்ளினிக்குகளில் நோயாளி வந்து உட்கார்ந்ததிலிருந்து டாக்டர் அறைக்குள் போகிற வரைக்கும் ஆகிற நேரம். போன வருஷம் சித்திரை வரைக்கும் அது அறுபத்து நாலு. அறுபத்து நாலைப் பதினெட்டாக்கியது ஒரு நிறம். ஒருத்தர் வந்து இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தால் அவர் பேர் சிவப்பாகிவிடும், ரிசப்ஷனிலும், டாக்டர் மேஜையில் இருக்கிற ஸ்கிரீனிலும். அவ்வளவுதான். அந்தச் சிவப்பு அவள் யோசனை, முழுக்க முழுக்க அவள் யோசனை. இரண்டே வாரத்தில் எண் சரசரவென்று இறங்கியது. சேலமா, பதினேழு. தேனியா, பதினெட்டு. நாகர்கோவிலா, பத்தொன்பது. எல்லா ஊரிலும் சொல்லி வைத்தாற்போல் இருக்கிறதே என்று முரளி சார் அதிசயப்பட்டார். அதுதான் சார் நல்ல டிசைன் என்றாள், வாய் கூசாமல். ஆபீஸ் முழுக்க மைசூர்பா கொடுத்தார்கள். தீபக்கிடம் எம்.பி.ஏ. இருக்கிறது, பெரிய கம்பெனிப் பேர் இருக்கிறது, பேசினால் தண்ணீர் ஓடுகிற மாதிரி பேசுகிறான், நல்ல பையன் வேறு, வெறுக்கக்கூட முடியவில்லை. ஆனால் அவனிடம் பதினெட்டு இல்லை. அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டுதான் ஹெல்ப்லைனிலிருந்து வந்தவள் அந்த நாற்காலி வரை போகப் போகிறாள். மூன்று மணிக்கு என்ன புடவை, அந்தப் பச்சை சில்க் காட்டன், அயர்ன் பண்ணக் கொடுத்தது வந்ததா, வந்துவிட்டது, கட்டில் மேல் இருக்கிறது. காது மட்டும் திறந்துவிட்டால் போதும். டிவியில் இப்போதுதான் இரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அதென்ன, அவளுக்குக் கொடுத்த நேரம் ஒன்பது பத்து, இப்போது மணி ஒன்பது முப்பத்திரண்டு, இன்னும் இரண்டா?

போனை எடுத்து ஆப்பைத் திறந்தாள். அவள் பேருக்கு நேராக, அவளே உட்கார்ந்து வார்த்தை தேர்ந்தெடுத்த அந்த வரி: 'இன்னும் வரவில்லை.' ஒரு நிமிஷம் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பத்திரண்டு நிமிஷமாகக் குத்துக்கல் மாதிரி இங்கே உட்கார்ந்திருக்கிறேன், வரவில்லையாம். பிழை ஏதோ இருக்கிறது. பிழை என்றதும் அவளுக்கு உள்ளே ஒரு குறுகுறுப்பு, வேட்டை நாய்க்கு வாசனை பட்ட மாதிரி. நெட் இல்லையோ, ரிசப்ஷன் ஸ்கிரீன் உறைந்துவிட்டதோ. எழுந்து மேஜைக்குப் போனாள். அங்கே இருந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் சுகந்தி என்று பேர் எழுதின அட்டை, கை ஓயாத ஆள். "அக்கா, நான் ஒம்பதாம் நம்பருங்க. வந்தாச்சுன்னு போட்டீங்களா?" சுகந்தி நிமிரக்கூட இல்லை. "நீங்க ஒம்பது மணிக்கு வந்தீங்க, தெரியுமுங். மாம்பழக் கலர்ச் சுடிதாரு. போய் உக்காருங், சாரு ஆபரேஷன் முடிச்சு இப்பத்தானே வந்தாரு." மேஜைமேல் நாள்காட்டியில் கிழித்த தேதித்தாள் ஒன்று, பின்பக்கம் திருப்பி வைத்திருந்தது. அதில் குண்டு குண்டான எழுத்தில் ஒன்பது என்று போட்டு நேராக ஒன்பது மணி. ஸ்கிரீனில் வரவில்லை, தாளில் வந்திருக்கிறாள். பானுரேகா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

சொல்லிக் கொடுக்கக் கூடாது. அவர்கள் தொழிலில் இது ஒரு விரதம் மாதிரி. ஆப்பை ஒருத்தர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்க்கப் போனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும் வேண்டும், அவர் தப்பாக அமுக்கினாலும் நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். எத்தனை க்ளினிக்கில் அப்படிக் கடித்திருக்கிறாள். ஆனால் அங்கெல்லாம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டுப் போனது. கம்பெனியிலிருந்து மேடம் வருகிறார் என்று டாக்டரும் நேரத்துக்கு வந்துவிடுவார், லட்டு வேறு கொடுப்பார்கள். அதிகாரி வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்களே, அந்தக் கதைதான். சொல்லாமல் கொள்ளாமல், ஒரு அடைத்த காதோடு, ஒரு டோக்கனோடு வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை என்று நினைத்தபோது லேசாக எதுவோ உறுத்தியது. பக்கத்து நாற்காலியில் ஐம்பது தாண்டிய மனிதர், சட்டைப் பையில் ஸ்க்ரூ கேஜ் துருத்திக்கொண்டிருந்தது, லேத் பட்டறைக்காரர். காதில் எந்நேரமும் ரீங்காரமாம். "நீங்க எப்ப வந்தீங்கண்ணா?" "நானு எட்டே முக்காலுக்கே வந்துட்டனுங். பத்தாம் நம்பரு. அரை நாளு லீவு போச்சு." கோபமே இல்லாமல் சொன்னார், மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி. "எப்பவும் இப்படித்தானுங்களா?" "டாக்டரு வேறெங்கியோ கத்தி புடிச்சுட்டு வரோணுமில்லீங். கைராசிக்காரரு, உக்காந்துதான் ஆகோணும்." எப்பவும் இப்படித்தான். எட்டே முக்காலிலிருந்து. பதினெட்டு நிமிஷம். அவள் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். ஒரு நாள் இப்படி இருக்கலாம், ஒரு டாக்டர் இப்படி இருக்கலாம், சராசரி என்று ஒன்று எதற்கு இருக்கிறது. பச்சை சில்க் காட்டன். இரண்டாம் ஸ்லைடில் அந்த வரைபடம். மூன்று, நாலு என்று டிவியில் எண் நகர்ந்தது. அவள் சுகந்தியின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது ஆள் வெளியே வந்து ஆறாவது ஆள் உள்ளே போனார். சுகந்தி தேதித்தாளை ஒரு பார்வை பார்த்தாள், ஸ்கிரீனில் ஒரு அமுக்கு. பானுரேகாவின் கையில் போன் அதிர்ந்தது. 'உங்கள் வருகை பதிவானது. நேரம் 9.55. நன்றி.' அந்த நன்றி அவள் சேர்த்தது. மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு மீட்டிங்கில் பத்து நிமிஷம் வாதாடிச் சேர்த்தது. ஏழாவது ஆள் உள்ளே போனபோது லேத்காரரின் பட்டன் போன் கூவியது. கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். "பாருங், நானு இப்பத்தான் வந்தனாமா." அவருக்கும் முன்னால் மூன்று பேர் இருக்கிறபோது. ஆளுக்கு ஆறு நிமிஷம். மூவாறு பதினெட்டு. சேலத்தில் பதினேழு, தேனியில் பதினெட்டு, நாகர்கோவிலில் பத்தொன்பது. அடைத்த காதுக்குள் அவள் இதயம் அடிப்பது அவளுக்கே கேட்டது. எழுந்து மறுபடி மேஜைக்குப் போனாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வந்தவுடனே அமுக்காம, மூணு பேரு இருக்கறப்ப அமுக்கறீங்களே, ஏனுங்க?" சுகந்தி இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "வந்தவொடன அமுக்கினா செவந்துருமுங். செவந்தா சாரு கதவத் தொறந்து என்னையத்தான் பாக்கறாரு. அவரு லேட்டா வர்றதுக்கு நானென்ன பண்ணட்டும். ஒரு மாசம் தெனமும் பேச்சு வாங்கிட்டு, அழுதுட்டு ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டனுங். அந்தப் புள்ள நல்ல புள்ள, மூணு பேரு இருக்கறப்ப அமுக்குங்கக்கா, செவக்கவே செவக்காதுன்னு சொல்லுச்சு. அதுல இருந்து நிம்மதியா சோறு திங்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, "எங்க ரிசப்ஷன்காரங்க வாட்ஸப் குரூப்புல எல்லா ஊருலயும் அப்படித்தானுங் பண்றாங்க. ஏனுங், நீங்க அந்தக் கம்பெனிங்களா?" என்றாள். பொய் வரவில்லை. "ஆமாங்க்கா. அந்தச் செவப்பு வெச்சது நாந்தான்." சுகந்தியின் முகம் சுருங்கியது. "எம்பேரு வந்துராதுங்களே? சாரு தொலைச்சுப்போடுவாரு." "வராதுங்க்கா. உங்க பேரும் வராது, இந்த க்ளினிக் பேரும் வராது. தப்பு உங்க மேல இல்ல." சுகந்தி நம்பினாளா தெரியவில்லை. தேதித்தாளை மட்டும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது நாற்காலி அதே நாற்காலிதான், விசிறியும் அதேதான். ஹெல்ப்லைன் பெண். அவள் யாரோ, பேர் தெரியாது, இருபத்திரண்டு வயதிருக்கும். அந்த இடத்தில் பானுரேகா இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். அழுகிறவளின் அழுகையை நிறுத்துவதுதானே ஹெல்ப்லைன். கோபப்பட முடியவில்லை, கெட்டிக்காரி என்றுதான் தோன்றியது. அவளும் ஒரு ஏன் கேட்டிருந்தால் நேராக இந்தச் சிவப்புக்கு வந்து சேர்ந்திருப்பாள். ஆனால் ஏன் கேட்க வேண்டியவள் அவளா. அறுபத்து நாலு பதினெட்டாக விழுந்த அன்றைக்கு அஞ்சு ஏன் அக்கா எங்கே போனாள்? மைசூர்பா தின்றுகொண்டிருந்தாள். எண் ஏறினால் ஐந்து ஏன் கேட்கிறவள், இறங்கினபோது ஒரு ஏன்கூடக் கேட்கவில்லை. நல்ல சேதி என்றால் யாருக்குத்தான் நோண்டத் தோன்றும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். டாக்டருக்கு வெட்கம் வரட்டும் என்று வைத்த நிறம், வெட்கப்பட்டது சுகந்தி. சரி, இப்போது என்ன. யாருக்கும் தெரியாது. இந்த ஹாலுக்குள் நடந்தது, காதில் தண்ணீர் போகாமல் இருந்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது. மூன்று மணிக்குப் போய் அந்த ஸ்லைடைப் போட்டால் ஐந்து பேரும் தலையாட்டுவார்கள். போடாவிட்டால் அவளிடம் என்ன இருக்கிறது? கம்பவுண்டரும் வயரும். பதினைந்து வருஷம். நாத்தனார் வீட்டில் அடுத்த விசேஷத்தில் கீழே எத்தனை பேர் என்று கேட்டால், ஹெட் ஆனவள் முப்பத்தாறு பேர் என்று சொல்லியிருக்கலாம்.  அந்த நினைப்புக்கு அடியில், என்ன அதிசயமோ, ஒரு சந்தோஷம் இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம். ஒரு வருஷமாக யாருக்கும் தெரியாமல் முந்நூற்று நாற்பது க்ளினிக்கில் நடந்துகொண்டிருந்ததை ஒரு கையைப் பார்த்தே பிடித்துவிட்டாள். சிவப்பை ரிசப்ஷனிலிருந்து எடுத்துவிட வேண்டும். டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார் என்பதைத்தான் முதலில் பதிய வேண்டும். அவர் ஆபரேஷன் முடித்துக் கிளம்பியதும் நோயாளிக்குச் சேதி போனால் லேத்காரர் எட்டே முக்காலுக்கு வர வேண்டாமே, பட்டறையில் இரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வரலாமே. அட, இது பதினெட்டைவிட நல்ல யோசனை. மனசு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மணி பத்து ஐந்து.

முரளி சாருக்குப் போன் போட்டு வலது காதில் வைத்தாள். ஆபீஸில் எல்லாரும் அவரை முரளி என்றுதான் கூப்பிடுவார்கள், அவள் மட்டும் ஹெல்ப்லைன் காலத்து சாரை விடவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார், அது அவரிடம் நல்ல குணம். "சரியான நம்பர் எவ்வளவு பானு?" "தெரியாது சார். யாருக்கும் தெரியாது. நாமதான் அதை இல்லாம பண்ணிட்டோமே." அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "இது யார் யாருக்குத் தெரியும்?" "எனக்கு. இப்ப உங்களுக்கு." "அப்ப ஒண்ணு சொல்றேன், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்குச் சொல்லு. இன்னிக்குப் போஸ்ட்டை வாங்கிக்கோ. நாளைக்கு ஹெட்டா உட்கார்ந்து நீயே கண்டுபிடிச்சதா சொல்லு, நீயே சரி பண்ணு. யாருக்கும் எதுவும் குறையப் போறதில்ல. ஒரு நாள்தானே." அவர் கெட்ட மனிதர் இல்லை. அவள் ஜெயிக்க வேண்டும் என்று அவளைவிட அதிகம் ஆசைப்படுகிறவர். ஒரு நாள்தானே என்பது எவ்வளவு நியாயமாக இருக்கிறது என்று பானுரேகா யோசித்துப் பார்த்தாள், நன்றாகவே இருந்தது. மேஜையில் சுகந்தி தாளைப் பார்த்துவிட்டு யாருக்கோ அமுக்கினாள், ஹாலில் எங்கோ ஒரு போன் கூவியது. "சார், அந்தக்காவும் அதைத்தான் பண்றாங்க." "எதை?" "ஆளு ஒம்பது மணிக்கே வந்து உட்கார்ந்திருக்கு. வந்தாச்சுன்னு நமக்குச் சௌகரியமான நேரத்துல அமுக்கறோம். இந்த விஷயம் எனக்குப் பத்து மணிக்கு வந்துருச்சு சார். நாளைக்கு அமுக்கச் சொல்றீங்க." முரளி சார் பேச்சைத் தீபக் பக்கம் திருப்பினார்.  "தீபக் எல்லா நம்பரையும் பக்காவா வெச்சிருக்கான், தெரியுமில்ல?" "தெரியும் சார்." "கிடைக்காம போகலாம் பானு." "போகலாம் சார்." "சரி" என்றார், கொஞ்சம் கழித்து இன்னொரு முறை சரி என்றார். "அஞ்சு பேருக்கும் மெயில் போட்டுடு."

மெயிலில் ஐந்தே வரிதான் வந்தது. பதினெட்டு நிமிஷம் என்று நான் சொல்லிவந்த கணக்கு தவறு. அதைத் தவறாக்கியது நான் வைத்த சிவப்பு நிறம். ரிசப்ஷனில் இருப்பவர்கள் மேல் குற்றம் இல்லை. இன்று காலை ஒரு க்ளினிக்கில் நோயாளியாக உட்கார்ந்திருந்தபோது தெரிந்துகொண்டேன். விவரமும் அடுத்து என்ன செய்யலாம் என்பதும் மூன்று மணிக்கு. ஐந்து பேர் விலாசத்தையும் போட்டாள். யோசித்து, தீபக்கினுடையதையும் சேர்த்தாள். பட்டன் மேல் கட்டை விரலை வைத்தபோது விரல் நின்றது. எட்டாவது ஆள் காதில் பஞ்சோடு வெளியே வந்தார். "ஒம்பது, பானுரேகா" என்று சுகந்தி கூப்பிட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை. "ஏனுங், உங்களத்தான் கூப்புடறாங்" என்று லேத்காரர் தோளைத் தொடாத குறையாகச் சொன்னார்; அவருக்கு அடுத்த நம்பர், அவருடைய அரை நாள். "ஒரு நிமிஷங்கண்ணா" என்றாள். அமுக்கினாள். அனுப்பியாச்சு என்று வந்தது. மணி பத்து பன்னிரண்டு. போனைப் பைக்குள் போட்டுவிட்டு பானுரேகா எழுந்து உள்ளே போனாள்.